கரையேறியவர்களும் கணக்கில் வராதவர்களும்

நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நார்த் பிரதர் என்றொரு சின்னத் தீவு உண்டு. டைஃபாய்டு கிருமியைத் தனக்கே தெரியாமல் சுமந்து திரிந்த சமையல்காரி மேரி மாலனை இருபது வருடங்களுக்கு மேல் அடைத்துவைத்திருந்த இடம் அது. அங்கிருந்த ரிவர்சைடு மருத்துவமனையை 1952இல் ஹெராயினுக்கு அடிமையான பதின்வயதினருக்காகத் திறந்தார்கள். 1955இல் சேர்க்கப்பட்ட 247 பேரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சில வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, போதையை விட்டிருந்தவர்கள் எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேரும் தாங்கள் உண்மையில் அடிமையாகவே இருந்ததில்லை என்று சொன்னவர்கள். 1963இல் மருத்துவமனையை மூடிவிட்டார்கள்.

அரசாங்கம் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டிருந்த வருடங்களில்தான், அதே ஊரில் இரண்டு போதகர்கள் தெருவில் இறங்கினார்கள். இருவரும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள். போன வழி மட்டும் வேறு வேறு.

முதலாமவர் நார்மன் எடி. கிழக்கு ஹார்லெமில் காலிக் கடைகளை வாடகைக்கு எடுத்து, அவற்றையே தேவாலயமாக நடத்திவந்த புராட்டஸ்டன்ட் குழுவைச் சேர்ந்தவர். 1948இல் இறையியல் மாணவர்கள் சிலர் தொடங்கிய குழு அது. எடியின் மனைவி பெக்கும் போதகர்தான். இருவரும் தாங்கள் ஊழியம் செய்த அதே நெரிசலான பகுதியில் குடியிருந்தார்கள். 1956இல் போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே ஒரு தனிக் குழுவை எடி தொடங்கினார். கோர்ட்டுக்குத் துணைக்குப் போவது, வக்கீல் பிடித்துக் கொடுப்பது, மருத்துவமனையில் படுக்கைக்காக அலைவது, திரும்பவும் ஊசி போட்டுக்கொண்டு வந்து நிற்பவனை மறுபடி உட்காரவைத்துப் பேசுவது என்று போயிற்று வேலை. மனந்திரும்பினால்தான் உதவி என்ற நிபந்தனை கிடையாது.

அந்தக் குழுவோடு சேர்ந்து உழைத்தவர்களில் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் ஒருவர். பேசிப் பேசியே ஹெராயினை விடவைக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு மெல்லக் கரைந்தது. 1964இல் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து மெத்தடோன் சிகிச்சையைப் பரிசோதிக்கத் தொடங்கினார். தினமும் அளந்து கொடுக்கும் இந்த மருந்து ஹெராயின் ஏக்கத்தை அடக்கிவைக்கும். வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம். 1965இல் முடிவுகள் வெளியாயின. உலகம் முழுக்க இன்று கையாளப்படும் இந்தச் சிகிச்சைமுறையின் வரலாற்றில் ஒரு கடைத்தெருத் தேவாலயத்துக்கும் பங்குண்டு என்பதைச் சபைக்காரர்களே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

அவர்கள் சொல்லும் கதை இரண்டாமவருடையது. டேவிட் வில்கர்சன் பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரின் பெந்தெகொஸ்தே போதகர். நம் ஊரில் ஏ.ஜி. சர்ச் என்று சொல்கிறோமே, அந்தச் சபை. போலியோவால் பாதிக்கப்பட்ட 15 வயதுச் சிறுவனைக் கொன்றதாக நியூயார்க் கும்பல் பையன்கள் ஏழு பேர் கூண்டில் நிற்கும் ஓவியத்தை 1958 தொடக்கத்தில் 'லைஃப்' பத்திரிகையில் பார்த்தார். நேரே கிளம்பிப் போய் நீதிபதியிடம் பேச முயன்றார். காவலர்கள் வெளியே தள்ளினார்கள். கையில் வேதாகமத்தோடு அவர் நிற்கும் படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அவமானமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் போலீஸ் விரட்டியடித்த போதகர் என்பதாலேயே கும்பல் பையன்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்தார்கள் என்று பிற்பாடு அவரே எழுதினார்.

அந்த வருடம் ஜூலையில் அவர் நடத்திய கூட்டத்தில் மௌ மௌ கும்பலின் தலைவர்களில் ஒருவனான நிக்கி குரூஸ் மனம் மாறினான். வில்கர்சன் தேடி வந்தது கத்திச் சண்டைக்காரர்களை. அவர் கண்டது ஹெராயினையும்தான். புரூக்ளினில் கிளிண்டன் அவென்யூவில் ஒரு பெரிய வீட்டை வாங்கி, 'டீன் சேலஞ்ச்' என்ற ஊழியத்தின் இல்லமாக்கினார். மருந்து கிடையாது. போதைப்பொருள் நின்றதும் வரும் வாந்தி, நடுக்கம், எலும்பை முறிக்கும் வலி எல்லாவற்றுக்கும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம். பிறகு பல மாதங்கள் வேதபாடம், வேலை, சாட்சி. தேறியவர்களைப் பென்சில்வேனியாவின் ரெஹ்ரர்ஸ்பர்க்கில் உள்ள பண்ணைக்கு அனுப்பினார்கள். 1963இல் வந்த 'சிலுவையும் சுருள்கத்தியும்' புத்தகம் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. 1970இல் படமாகவும் வந்தது.

ஜெபத்தை நம்பாதவர்களும் இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். பழைய தெரு, பழைய கூட்டாளி, பழைய வியாபாரி எல்லாரிடமிருந்தும் ஒருவனை ஒரு வருடம் பிரித்துவைத்து, விடிந்தால் வேலை, இருட்டினால் பேசக் கூட்டம், தன்னைப் போலவே இருந்து மீண்ட ஒரு அண்ணன் பக்கத்தில் என்று ஏற்பாடு செய்தால் அதற்கே பெரிய பலன் உண்டு. சன்னி அர்கின்சோனி அப்படி மீண்டவர். ஹெராயின் அடிமையாக அந்த இல்லத்துக்கு வந்து, போதகராகி, 1967இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'விக்டரி அவுட்ரீச்' சபையைத் தொடங்கினார். வந்தவனுக்கு நோயாளி என்ற அட்டையை மாட்டாமல், நாளைய ஊழியக்காரன் என்று ஒரு வேலையைக் கொடுத்தார்கள். இதை எந்த மருந்துச்சீட்டிலும் எழுத முடியாது.

கணக்குக்கு வருவோம். 1968இல் புரூக்ளின் இல்லத்தில் சேர்ந்தவர்களை ஏழு வருடம் கழித்து, அரசு நிதியுதவியோடு, கேத்தரின் ஹெஸ் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தது. பயிற்சியை முழுதாக முடித்தவர்களில் 86 சதவீதம் பேர் போதையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சிறுநீர்ச் சோதனையில் 67 சதவீதம் பேர் தேறினார்கள். இரண்டும் பெரிய எண்கள்தான். அந்த 86 பல பத்தாண்டுகளாகத் துண்டுப்பிரசுரங்களில் வலம்வருகிறது. ஆனால் சேர்ந்தவர்களில் முழுதாக முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவிலேயே போனவர்கள் அந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். மனஉறுதி மிக்கவர்கள்தான் முடித்தார்களா, முடித்ததால் மனஉறுதி வந்ததா என்பதையும் இந்த ஆய்வைக் கொண்டு பிரிக்க முடியாது.

நடுவில் போனவர்களைப் பற்றி இன்று கவலைப்பட அழுத்தமான காரணம் உண்டு. சில வாரம் போதைப்பொருள் இல்லாமல் இருந்தால் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபெண்டனில் அமெரிக்கத் தெருக்களில் பரவிய பிறகு இந்த ஆபத்து இன்னும் கூடிவிட்டது. மெத்தடோனும் அதைப் போன்ற மருந்தான புப்ரெனார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இவை சாவைக் குறைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அப்படியிருந்தும் டீன் சேலஞ்ச் வழியில் நடக்கும் பல இல்லங்கள் இவற்றை அனுமதிப்பதில்லை. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் அவர்கள் பிடிவாதத்துக்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

அரசியலும் உள்ளே வந்தது. 1995இல் டெக்ஸாஸ் அரசு அதிகாரிகள் சான் அன்டோனியோவின் டீன் சேலஞ்ச் இல்லத்தை மூடப்போவதாக எச்சரித்தார்கள். ஆலோசகர்களுக்கு உரிய உரிமம் இல்லை என்பது முக்கியமான குறை. ஆதரவாளர்கள் திரண்டார்கள். ஆளுநர் ஜார்ஜ் புஷ் இல்லத்தின் பக்கம் நின்றார். 1997இல் மதம் சார்ந்த மீட்பு இல்லங்களுக்கு உரிமத்திலிருந்து விலக்குத் தந்து சட்டமே வந்துவிட்டது.

இந்தியாவில் இந்த இரண்டு வழிகளும் கூர்மையாக முட்டிக்கொண்ட இடம் வடகிழக்கு. மணிப்பூர் இளைஞர்கள் 'நம்பர் ஃபோர்' என்று சொல்லும் ஹெராயின் மியான்மர் எல்லை தாண்டி வந்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால், 1989-90இல் சில மாதங்களுக்குள்ளாகவே ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. கிறிஸ்தவர்கள் பெருவாரியாக உள்ள நாகாலாந்திலும் மணிப்பூரின் மலை மாவட்டங்களிலும் சபை சொல்வதே வீட்டுக்குச் சட்டம். ஊசி கொடுத்தால் பாவத்துக்குத் துணைபோவதாகும் என்ற பேச்சு அங்கே பலமாகவே இருந்தது. அந்தச் சூழலில்தான் 2004இல், கிறிஸ்தவ மருத்துவமனைகளின் கூட்டமைப்பான இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன், ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 'ஆர்க்கிட்' திட்டத்தை மணிப்பூரிலும் நாகாலாந்திலும் தொடங்கியது. உள்ளூர் அமைப்புகள் மூலம் புது ஊசி கொடுத்தார்கள், பழையதைத் திரும்ப வாங்கினார்கள், புப்ரெனார்ஃபின் சிகிச்சைக்கும் வழிசெய்தார்கள். ஊசி வாங்க வந்தவர்களில் பலர், ஒருகாலத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.