யூஜீனியா சிங்கம்பட்டியானா, சைசீஜியம் கோர்ட்டாலென்சு: ஓர் ஒப்பீடு

யூஜீனியா சிங்கம்பட்டியானா, சைசீஜியம் கோர்ட்டாலென்சு ஆகிய இரண்டும் நாவல் மரம் அடங்கிய மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரிய அகணியத் தாவரங்களான இவை அழியும் நிலையில் உள்ளன. முதலாவது, திருநெல்வேலி மாவட்டத்துச் சிங்கம்பட்டியின் பெயரையும், இரண்டாவது, தென்காசி மாவட்டத்துக் குற்றாலத்தின் பெயரையும் கொண்டுள்ளன.

பெயர் வரலாறு

சிங்கம்பட்டித் தாவரத்தைச் சென்னை மாகாண வன அதிகாரியாக இருந்த பெட்டோம் 19ஆம் நூற்றாண்டில் விவரித்தார். காணி மக்கள் இதைக் காட்டுக்கொரண்டி என அழைத்து, மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். குற்றாலத் தாவரத்துக்கு ஜே. எஸ். கேம்பிள், யூஜீனியா கோர்ட்டாலென்சிசு எனப் பெயரிட்டார். எனவே தொடக்கத்தில் இரண்டும் ஒரே பேரினத்தில் இருந்தன. பின்னர் ஆல்ஸ்டன் குற்றாலத் தாவரத்தைச் சைசீஜியம் பேரினத்துக்கு மாற்றினார். நாவல் மரமும் இவ்வாறு மாற்றப்பட்டதே. பழைய நூல்களில் அதன் பெயர் யூஜீனியா ஜம்போலானா.

பேரின வேறுபாடு

வெளித்தோற்றத்தில் இவ்விரு பேரினங்களையும் பிரித்தறிவது கடினம். விதையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். நாவல் கொட்டையை உடைத்தால் பருப்பு தனித்தனி விதையிலைகளாகப் பிரியும். இது சைசீஜியத்தின் பண்பு. யூஜீனியாவில் விதையிலைகள் ஒன்றாக இணைந்து ஒரே பருப்பாக இருக்கும். சைசீஜியத்தில் விதையுறை கனிச்சுவருடன் ஒட்டியிருக்கும்; யூஜீனியாவில் ஒட்டாது. பூவின் சூல்களுக்குச் செல்லும் சாற்றுக்குழாய்களின் பாதையும் வேறுபடுவதை 1972இல் ருடால்ஃப் ஷ்மிட் காட்டினார். பிற்கால மரபணு ஆய்வுகளும் இவை நெருங்கிய உறவுடையவை அல்ல என்பதை உறுதிசெய்தன.

காப்பு நிலை

காப்பு நிலையும் ஒரு வகைப்பாடே. தாவரவியல் வகைப்பாடு உறவைக் கூறுகிறது. காப்பு நிலை அழிவு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் கூறுகிறது. உறவில் விலகிய இவ்விரண்டும் இங்கே ஒரே இடத்தில் நிற்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், 1998ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இரண்டும் மிக அருகிய இனங்கள் ஆகும்.

முக்கியத்துவம்

பழைய, புதிய பெயர்கள் இரண்டும் பட்டியல்களில் இடம்பெற்றால் ஒரே இனம் இரண்டாகத் தோன்றும். பழைய பெயரில் மட்டும் தேடுவோருக்குப் புதிய பதிவுகள் கிடைக்காது. சரியான பெயரே ஓர் இனம் எங்கெங்கு எஞ்சியுள்ளது என்பதைக் கணக்கிட உதவும். மிகக் குறைந்த பரப்பில் மட்டும் வாழும் இத்தகைய இனங்களுக்கு, ஒரு மலைச்சரிவின் காடு அழிந்தால் இனமே அழியக்கூடும்.