டிஸ்க் நான்கு இருந்தால் போதுமா?

சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் கூகல் நிறுவனத்தின் தரவு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு டிஸ்க் கெட்டால் கவனிக்க ஆள் உண்டு. அதே ஜூரோங்கில் பட்டறைகள், கப்பல் பழுதுபார்க்கும் துணைக் குத்தகையாளர்கள், துணைப்பாட நிலையங்கள் எனச் சிறு நிறுவனங்களும் ஏராளம். அவர்களுடைய சர்வர் பெரும்பாலும் பின்னறையில் ஒரு சின்னப் பெட்டியாக ஓடிக்கொண்டிருக்கும். ஊழியர்களின் சம்பளக் கணக்கு, வேலை அனுமதி அட்டையின் நகல், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் அதற்குள்தான். “ரெய்டு போட்டிருக்கிறோம், பயமில்லை” என்று முதலாளி சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது முதலாளிக்குக் கடமை. தம் விவரங்களை ஒப்படைத்திருக்கும் ஊழியருக்கு உரிமை.

ரெய்டு என்ன செய்யும்?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல இயக்கும் முறைதான் ரெய்டு. டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1988ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு அடித்தளம் போட்டது. 4 டெராபைட் டிஸ்க் நான்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

ரெய்டு 0: 16 டெராபைட்டும் கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் போனாலும் அத்தனையும் போய்விடும். அலுவலகக் கணக்குக்கு இது ஆகவே ஆகாது.

ரெய்டு 5: 12 டெராபைட் கிடைக்கும். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. நான்கு எண்களின் கூட்டுத்தொகை தெரிந்தால் விடுபட்ட ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? அதுபோன்ற ஒரு கணக்கைத்தான் இது டிஸ்க்குகளில் பரப்பி எழுதி வைக்கிறது.

ரெய்டு 6: 8 டெராபைட். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.

ரெய்டு 10: இதுவும் 8 டெராபைட்தான். டிஸ்க்குகள் இரண்டிரண்டாக ஒரே தகவலை வைத்திருக்கும். ஒரு ஜோடியில் இரண்டுமே போனால் மீளாது.

ரெய்டு 5ல் ஒரு டிஸ்க்கை மாற்றும்போது, மீதி மூன்றிலும் உள்ள 12 டெராபைட்டையும் படித்துத்தான் புதியதில் எழுத வேண்டும். சாதாரண டிஸ்க்குகள் பலவற்றின் குறிப்பேட்டில், ஏறக்குறைய 12.5 டெராபைட் படிப்பதற்குள் வாசிக்க முடியாத பிழை ஒன்றுவரை வரலாம் என்றிருக்கும். போதாக்குறைக்கு, ஒன்றாக வாங்கிய டிஸ்க்குகளுக்கு வயதும் ஒன்று; ஒன்று கெடும் சமயத்தில் இன்னொன்றும் கெடலாம். அதனால் பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 அல்லது 10தான் பாதுகாப்பு.

ரெய்டு எதைக் காக்காது?

ரெய்டு ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். அதன் எல்லை அதுதான். நீங்கள் தவறுதலாக அழித்தால், அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் அழித்துவிடும். தீ, திருட்டு, மின்வீச்சு எதுவும் டிஸ்க் டிஸ்க்காகப் பார்த்து வருவதில்லை.

2010 ஜூலை 5 அதிகாலையில் டிபிஎஸ் வங்கியின் சேவைகள் முடங்கி, ஏடிஎம்கள் பல மணி நேரம் வேலை செய்யவில்லை. வங்கியின் டிஸ்க் சேமிப்பு அமைப்பில் மாற்று ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் அதில் ஒரு பாகத்தைப் பழுதுபார்க்கும் வழக்கமான வேலையில், பராமரிப்பை ஏற்றிருந்த ஐபிஎம் தரப்பு செய்த பிழை எல்லாவற்றையும் நிறுத்தியது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்ததோடு, ஏறக்குறைய 230 மில்லியன் வெள்ளி கூடுதல் மூலதனம் ஒதுக்கவும் வைத்தது. வெளியாள் செய்த தவறுக்கும் வங்கிதான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற பிணைய நிரல் (ரான்சம்வேர்), இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனச் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது. 2024 ஆகஸ்ட்டில் மாணவர் கருவிகளை நிர்வகிக்கும் ‘மொபைல் கார்டியன்’ செயலிக்குள் ஊடுருவியவர்கள், சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்ததைத் தொலைவிலிருந்தே அழித்தார்கள். இத்தகைய இழப்புக்கு ஒரே மருந்து, தனியாக எடுத்து வைத்த பேக்அப். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒரு நகலாவது நெட்வொர்க்கில் இணைக்காததாக இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நிறுவனம் தன்னிடமுள்ள விவரங்களைத் தக்க ஏற்பாடுகளோடு காக்க வேண்டும் என்கிறது. அவை பதிவான சாதனம் தொலைந்துபோகாமல் பார்ப்பதும் அதில் அடங்கும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரங்கள் சிக்கினாலோ, யாருக்கேனும் கடும் பாதிப்பு வரக்கூடும் என்றாலோ, அப்படிக் கணித்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராதம் 1 மில்லியன் வெள்ளிவரை போகலாம். பெரிய நிறுவனங்களுக்கு, சிங்கப்பூரில் ஈட்டும் ஆண்டு வருவாயில் 10 விழுக்காடுவரைகூட.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை வைக்கும் முறையில், கழற்றிய ஒரு டிஸ்க்கில் முழுத் தகவலும் இருக்கக்கூடும். மாற்ற வந்தவரிடம் அதை அப்படியே கொடுத்தனுப்பாதீர்கள். அழித்து அல்லது உடைத்து, எழுத்துபூர்வமாக உறுதி வாங்குங்கள்.

ஊழியரே, இது உங்களுக்கு

2016 ஏப்ரல் 1 முதல், வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியருக்கு விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். வேலையில் இருப்பவரின் கடைசி 2 ஆண்டுப் பதிவுகளை முதலாளி வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவருடையதை மேலும் ஓராண்டு காக்க வேண்டும். “சர்வர் போய்விட்டது” என்பதால் பாக்கிச் சம்பளம் இல்லாமல் போய்விடாது. மாதந்தோறும் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். சம்பளத் தகராறை டாடம் எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் கொண்டுபோகலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தச் சொல்லவும் பொதுவாக உங்களுக்கு உரிமை உண்டு.

வாங்கும்போதும் கெடும்போதும்

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் ஆள்வைத்துப் பொருத்தினாலும், டிஸ்க்கின் மாடல் எண், ரெய்டு வகை, உத்தரவாதக் காலம், யார் கண்காணிப்பார் என்பதையெல்லாம் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தன் ரெட் வரிசை டிஸ்க்குகளின் சில மாடல்களில், ரெய்டு மறுகட்டமைப்பில் மிகவும் மெதுவாகிவிடக்கூடிய எஸ்எம்ஆர் வகைப் பதிவு இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020ல்தான் ஒப்புக்கொண்டது. அந்தச் சிக்கல் இல்லாத சிஎம்ஆர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்க் பழுதாகும்போது மின்னஞ்சல் எச்சரிக்கை வருகிறதா என்று அன்றே சோதியுங்கள். இல்லாவிட்டால் முதல் டிஸ்க் போனதே இரண்டாவது போகும்போதுதான் தெரியவரும்.

ஒரு டிஸ்க் போய்விட்டால், முதலில் பேக்அப்பைச் சரிபாருங்கள். வரிசை எண்ணைப் பார்த்துக் கெட்டதை மட்டும் கழற்றுங்கள். உங்கள் ரெய்டு தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் போய்விட்டால் பெட்டியை அணைத்துவிட்டுத் தகவல் மீட்பு வல்லுநரிடம் போங்கள். ‘இனிஷியலைஸ்’ பொத்தானைத் தொடவே வேண்டாம். பிணைய நிரல் என்றால் உடனே நெட்வொர்க் கம்பியைக் கழற்றிவிட்டு, காவல்துறையிலும் கணினி அவசரநிலைக் குழுவான சிங்செர்ட்டிலும் புகார் செய்யுங்கள். பணம் கட்டினாலும் கோப்புகள் திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விற்றவரோ பொருத்தியவரோ சொன்னபடி செய்யாவிட்டால், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதும் எழுத்துபூர்வ உறுதிமொழியும் தேவை.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். போன மாதச் சம்பளக் கோப்பை பேக்அப்பிலிருந்து எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்களிடம் பேக்அப் இல்லை என்றே பொருள். டிஸ்க்குகள் நலமாக ஓடும்போதே அதைச் சரிசெய்துவிடலாம்.