உஷார்! ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போறீங்களா?

கண்ணைக் கசக்காதீங்க!

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படிக்கலாம். ஆரணிப் பக்கம் வண்டியில் போகும்போது கண்ணில் கருப்பாக ஒரு துகள் விழுந்தால், கை தானாகக் கண்ணுக்குப் போகும். விடாதீங்க. வண்டியை ஓரங்கட்டி, சுத்தமான தண்ணீரில் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவுங்க. அதற்குப் பிறகும் உறுத்தினால் நேராகக் கண் டாக்டர். மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. டாக்டர்!

ஒரு தூசிக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

தை மாதம். அக்கா கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் ஆரணிக்கு வந்தது. பெரியவர்கள் காரில். காலேஜ் படிக்கும் தம்பி மட்டும் சிநேகிதனோடு பைக்கில். ஊர் நெருங்கியதும் காற்று வாங்கலாம் என்று ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருக்கிறான். ஒரு லாரியைத் தாண்டும்போது சுருக்கென்றது. கசக்கினான். தறிக்காரர் வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, ஒரு மூலையில் கைக்குட்டையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “தூசிதான்டா, தூங்கி எழுந்தா போயிடும்” என்றாள் பாட்டி.

போகவில்லை. மறுநாள் தெருமுனை மருந்துக் கடையில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பு கொஞ்சம் குறைந்தது. அப்பாடா என்று கல்யாண வேலையில் இறங்கிவிட்டார்கள். சில நாளில் பையனுக்கு வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. கண் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது: பூஞ்சைப் புண்.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் பையன் எல்லாப் படத்திலும் கருப்புக் கண்ணாடியோடு நிற்கிறான். பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

இது ஏதோ கோடியில் ஒருவருக்கு வருவது என்று நினைக்காதீங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முதலில் கண்ணில் சின்னதாக ஓர் அடி, ஒரு கீறல். பெரும்பாலும் வயல் வேலையில் பட்டது. கிருமி பிடிபட்ட புண்களில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை. நெல், உமி, வைக்கோல், இலை எல்லாவற்றிலும் பூஞ்சை ஒட்டியிருக்கும். கீறல் விழுந்த கருவிழி அதற்குத் திறந்த வாசல். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அடங்கிவிடும், பூஞ்சை கொழுக்கும். தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது எதுவும் வேண்டாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

சரி, பட்டு ஊரில் உமியும் கருப்புத் துகளும் எங்கிருந்து வந்தன?

வெளியூர்க்காரர்களுக்கு ஆரணி என்றால் பட்டு. உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள், பட்டும் அரிசியும் என்பார்கள். ஆரணி, சேவூர், களம்பூர் என்று இந்த வட்டாரம் முழுக்க அரிசி ஆலைகள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும், காய வைக்க வேண்டும். அதற்கு பாய்லர். பாய்லருக்கு எரிபொருள் அதே நெல்லின் உமி. 1 டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே சரக்கு. கண்ணில் விழுந்ததைக் கசக்கினால் கீறாமல் என்ன செய்யும்?

புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் சைக்ளோன் கருவி இருந்து, அது ஒழுங்காக ஓடினால் சாம்பலில் பெரும்பகுதி கீழே தங்கிவிடும். கருவி பழுதானாலோ, கரண்ட் செலவு என்று நிறுத்தி வைத்தாலோ, அத்தனையும் மொட்டை மாடிக்கு வரும். காயப்போட்ட வேட்டியில் கருப்புப் பொட்டு. வடாம் பாயில் கருப்புப் பொட்டு. கரித்துகள் கொட்டுகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் புகார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள். ஆலைகளும் வேண்டும்தான். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான். ஆனால் வடிகட்டியை நிறுத்தி வைத்து மிச்சம் பிடிக்கும் காசை அக்கம்பக்கத்தார் மருந்துச் சீட்டில் கட்டுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கீழே விழுவதைப் பார்த்து பயப்படுகிறீர்கள். விழாததற்குத்தான் அதிகமாக பயப்பட வேண்டும்!

வேட்டியில் பொட்டு வைக்கும் கரி பெரிசு. மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் மாட்டிக்கொள்ளும். அதோடு கூடவே வரும் நுண்துகள், பி.எம். 2.5 என்கிறார்களே, அது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழ். கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலின் கடைசி அறை வரை போகும், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டில் 2009-ல் வகுத்த வரம்பு 40. ஆக, நம் ஊர்க் கணக்கில் ‘பரவாயில்லை’ என்றாலே அது அவர்கள் கணக்கில் எட்டு மடங்கு! வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2013-லேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

போனில் காற்றுத் தர எண்ணைப் பார்த்து நிம்மதியாகாதீங்க. அது எங்கோ இருக்கும் நிலையம் காட்டும் எண், அல்லது கம்ப்யூட்டர் போட்ட உத்தேசக் கணக்கு. ஆலைக்குப் பின்பக்கத் தெருவின் கதை அதில் தெரியாது.

இனி உள்ளூர்க்காரர்களுக்கு. குறிப்பாகத் தறி போடும் வீட்டுப் பெண்களுக்கு.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிர் நிறப் பாவாக இருந்தால் அத்தனை பேருக்கும் பதைபதைப்பு. ஒரு கரித்துகள் விழுந்துவிடக் கூடாது. விழுந்தாலும் விரலால் தட்டக் கூடாது, இழுபட்டுக் கறையாகிவிடும். குனிந்து, வாயருகே வைத்து, மெல்ல ஊதித்தான் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் தறிமேல் துணி போட்டு மூடுவார்கள். பட்டுக்கு இத்தனை காவல். ஊதுகிற அந்த அம்மாவின் மூச்சுக்கு என்ன காவல்?

அதிலும் மார்கழி, தை மாத விடியல் மோசம். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கிடக்கும். மேலே சூடான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஆலைப் புகை, அடுப்புப் புகை, குப்பை கொளுத்திய புகை எதுவும் மேலே போக முடியாது. பனி என்று நினைத்து நாம் ரசிப்பதில் புகையும் கலந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் பாவு வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவுக்கார அம்மா. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். பீடி, சிகரெட் பக்கமே போகாதவர். காலையில் பாவு, பகலில் குழித்தறி, பின்கட்டில் விறகு அடுப்பு வைத்து வெந்நீர். கரி உள்ளே வரக் கூடாது என்று தறி ரூமின் ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். நூல் தூசி, அடுப்புப் புகை, ராத்திரியில் கொசுவர்த்திப் புகை எல்லாம் உள்ளேயே சுற்றும். இருமல் வந்தது. ‘பனிக்கு ஒத்துக்கலை’ என்று கஷாயம். அடுத்த பனிக்காலமும் இருமல். தறியில் பலகையை மிதிக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டி.பி. இல்லை. ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து பார்த்தார்கள். சி.ஓ.பி.டி., நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு. புகைபிடிப்பவர்களுக்கு வரும் நோய் எனக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டாராம். விறகுப் புகையும் தூசியும் போதும், பீடி தேவையில்லை. போன நுரையீரல் திரும்பி வராது. மருந்து, மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

இப்போது அவரால் கால் மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தறியில் உட்கார முடியவில்லை.

சாயம் போடுகிற வீடுகளுக்கும் சொல்கிறேன். நூலின் பசை எடுக்கக் கொதிக்க வைக்கும் இடம், சாயத் தொட்டி இரண்டும் திறந்தவெளியில் இருக்கட்டும். சாயம் இறக்க ஹைட்ரோஸ் பயன்படுத்தினால் நெடி மூக்கைத் துளைக்கும். அது கந்தக வாயு. ஆஸ்துமாக்காரரை அந்த ரூமுக்குள் விடவே கூடாது. கழித்த ஜரிகையைக் குப்பையோடு கொளுத்தாதீங்க. இப்போது வரும் மலிவு ஜரிகை பலதும் பிளாஸ்டிக். பழைய பட்டுப் புடவையை எரித்து வெள்ளி எடுக்கிறார்களே, அந்தப் புகைக்குப் பக்கத்திலும் பிள்ளைகளை விடாதீங்க.

உடம்பு சொல்லும். நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். தும்பை வெள்ளைத் துண்டில் துப்பினால் கருப்பாகச் சளி. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும் சத்தம். மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவது. குழந்தைக்கு மாதம் தவறாமல் சளி, இழுப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் முதலில் டி.பி. பரிசோதனை செய்யுங்க, இலவசம். அது இல்லையென்றால் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீங்க. நுரையீரல் அளக்கும் டெஸ்ட் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. உதடு நீலம் பூத்தால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சுத் திணறினால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீங்க. 108!

கர்ப்பிணிகளே, நீங்கள் இரண்டு மடங்கு உஷார். சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. 4 கிராம்தானே என்று சிரிக்காதீங்க. ஆலைக்குப் பின்னால் குடியிருந்து, விறகடுப்பிலும் ஊதுபவர்களுக்கு எத்தனை பத்து கூடும் என்று யோசியுங்க.

புடவை எடுக்க வருபவர்கள், ஆடியில் படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிட இந்த வழியாகப் போகிறவர்கள்: ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வையுங்க. பாட்டிக்கு ஆஸ்துமா என்றால் இன்ஹேலர் கார் டேஷ்போர்டில் இருக்கக் கூடாது, அவர் கைப்பையில் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பும் கைக்குட்டையும் நுண்துகளைத் தடுக்காது. என்-95 மாஸ்க், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல். விடியற்காலையில் வந்து இறங்காமல் வெயில் ஏறியபின் வாருங்க.

‘கண்ணுக்குத் தெரியாத மாசு என்ன செஞ்சுடும்’ என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கொடைக்கானலுக்குப் போவதே நல்ல காற்றுக்காகத்தான். அங்கே 1983-லிருந்து ஓடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு 2001-ல் பழைய இரும்புக் கடையில் கிடப்பது தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆலையை நடத்திய நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். நடுவில் பதினைந்து வருஷம்! ஆரணிக் கரியாவது கண்ணுக்குத் தெரிகிறது.

தெரிகிறதே, அதைப் படம் பிடியுங்க. மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து, காலையில் அதில் படிந்ததைத் தேதி, நேரத்தோடு போட்டோ எடுங்க. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லிருந்தே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பாய்லர் வைத்த அரிசி ஆலை ஓடக் கூடாது, இசைவில் தூசி பிடிக்கும் கருவிக்கும் நிபந்தனை உண்டு. மனுவில் ‘ஆலையை மூடு’ என்று எழுதாதீங்க. கருவி ஓடுகிறதா என்று ராத்திரியில் வந்து பாருங்கள், சாம்பல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள் என்று எழுதுங்க. தனியாகப் போகாமல் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போடுங்க. திங்கள்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீங்க.