ஆலைத் தொழிலாளர் சூட்டிய பெயர்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில், குழந்தை பேசக் கற்கும்போதே பல பாஷைகளுக்கு நடுவில்தான் கற்கிறது. வீட்டில் தாய்மொழி, குழாயடியில் வேறொன்று, பள்ளியில் பிறிதொன்று. பெற்றோராகிய நாம் இதனை ஒரு குறையாகவே கருதி வருந்துகிறோம். "எந்த மொழியும் சுத்தமாக வரவில்லையே!" என்னும் பெருமூச்சு நம் இல்லங்களில் கேளாத நாளில்லை. ஆயின், அக்குறையையே முதலாகக் கொண்டு முன்னுக்கு வந்த ஒருவருடைய வரலாறு நமக்கு வெகு அருகில், மும்பையின் தாராவியிலேயே இருக்கிறது. ஹிந்தித் திரையுலகின் ஹாஸ்ய நடிகர் ஜானி லீவரைத்தான் குறிப்பிடுகிறோம்.

அவர் தமிழர் அல்லர், தெலுங்கர். ஆந்திரத்துக் கனிகிரியில் 1957ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் ஜான் பிரகாச ராவ் ஜனுமலா. தந்தையார் அன்றைய பம்பாயில் ஹிந்துஸ்தான் லீவர் ஆலையில் பணிபுரிந்தார். மாட்டுங்காவை அடுத்த தாராவியில் மகன் வளர்ந்தார். தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழர்களும், மண்பாண்டம் வனையும் குஜராத்தியரும், பல திசைகளிலிருந்து வந்த பிறரும் நெருங்கி வாழும் இடம் அது. அடுத்த வீட்டார் பேச்சு சுவரைத் தாண்டி வந்து செவியில் விழும். எந்த நாட்டார் எப்படிப் பேசுவர், எப்படிக் கோபிப்பர், எப்படிக் கை அசைப்பர் என்பதெல்லாம் கூலியின்றிக் கற்ற கல்வி.

பள்ளிக் கல்வியோ ஏழாம் வகுப்போடு நின்றது. வீட்டின் வறுமையே காரணம். மூத்த பிள்ளையாதலால் தெருவில் நின்று பேனா விற்கலானார். விலையை மட்டும் கூவி விற்போர் நூறு பேர் இருக்க, இவரோ சினிமா நடிகர்களைப் போல் பேசியும் ஆடியும் காட்டினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, பேனாவும் விலைபோயிற்று. பிறகு தந்தையார் வேலை செய்த ஆலையிலேயே தொழிலாளியாகச் சேர்ந்தார்.

அங்கேதான் அந்தப் பெயர் பிறந்தது. ஆலை விழா ஒன்றில் இளைஞர் மேடையேறி, மேலதிகாரிகள் சிலரைப் போலவே பேசி நடித்துக் காட்டினார். தொழிலாளர் கைகொட்டிச் சிரித்தனர். அன்று முதல் அவர்கள் அவரை "ஜானி லீவர்" என்றே அழைக்கலாயினர். திரையுலகிலும் அப்பெயரே நிலைத்தது. பெற்றோர் இட்ட பெயர் பின்தங்க, உடன் உழைத்தோர் இட்ட பெயரே உலகறியும் பெயராயிற்று!

இங்கே அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பிறரைப் போல் பேசிச் சிரிக்க வைப்பதில் இரு வகை உண்டு. 1968இல் வெளிவந்த 'படோஸன்' ஹிந்திப் படத்தில் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து நம் உச்சரிப்பைக் கொண்டு நாட்டையே சிரிக்க வைத்தார். கெட்டிக்கார நடிப்புத்தான், நாமும் சிரித்தோம். ஆயினும் மறுநாள் நம் பிள்ளைகள் பள்ளியில் அதே உச்சரிப்புக்காகக் கேலிக்கு ஆளானால், அந்தச் சிரிப்பு நமக்குக் கசந்துவிடுகிறது. ஆலை மேடையில் நிகழ்ந்ததோ வேறு வகை. கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் போல் பேசிக் காட்டினான். சிரித்தவர்களுக்கு ஒரு நாழிகையேனும் முதுகு நிமிர்ந்தது. எளியோரை மேலும் குனிய வைக்கும் நகைச்சுவையைக் காட்டிலும் இது உயர்ந்தது என்பது நம் துணிபு.

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு, அடுத்து வருவதே வரலாற்றின் முக்கிய இடம். மாதச் சம்பளம் என்பது நம்மைப் போன்றோருக்கு எத்தகைய பிடிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஜானி லீவர் அதனை ஒரே நாளில் உதறிவிடவில்லை. ஆலையில் உழைத்துக்கொண்டே இசைக் குழுக்களின் மேடைகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தனியாக நின்று சிரிக்க வைத்தார். இசையமைப்பாளர் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி குழுவில் இடம் கிடைத்தது. மேடை அழைப்புகள் பெருகி, ஆலைக்குச் செல்ல நாளே இல்லை என்றான பின்னர், 1981இல் வேலையை விட்டார். மறு ஆண்டே சுனில் தத் தமது 'தர்த் கா ரிஷ்தா' படத்தில் வாய்ப்பளித்தார். 'ஹஸீ கே ஹங்காமே' என்னும் ஒலிநாடா அவர் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

எனினும் பெரும் புகழ் உடனே வந்துவிடவில்லை. 1993இல் 'பாஜீகர்' படத்தில் மறதிக்கார வேலையாளாக வந்தபோதுதான் நாடு முழுதும் அவர் முகம் பதிந்தது. ஆலையை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன! பின்னர் 'தீவானா மஸ்தானா', 'துல்ஹே ராஜா' ஆகிய படங்களுக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருதை இருமுறை பெற்றார். அவர் நடித்த படங்கள் 300க்கு மேற்பட்டவை. இன்று அவருடைய மகள் ஜேமியும் மேடையில் தனித்து நின்று சிரிக்க வைக்கும் கலைஞராக விளங்குகிறார்.

நம் பிள்ளைகள் அனைவரும் ஹாஸ்ய நடிகராக வேண்டும் என்பதன்று நம் கருத்து. அடுத்த வீட்டு மராத்தியம்மாளைப் போலும், பால்காரரைப் போலும் பிள்ளை பேசிக் காட்டும்போது, "வாயை மூடு, பாடத்தைப் படி" என்று மட்டும் சொல்லி அடக்கிவிட வேண்டாம். பாடமும் படிக்கட்டும். ஆனால் அயலார் பேச்சை இவ்வளவு கூர்ந்து கேட்கும் செவி, நாம் ஊர்விட்டு வந்ததனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சொத்து. நிலமும் வீடும் சேர்த்து வைக்க இயலாத நம் குடும்பங்களில், அந்தச் சொத்தையேனும் வீணாக்காமல் காப்போமாக!