தோட்டாவுக்கும் வயசாகுமா? குற்றால சீசனில் ஒரு விளக்கம்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். ஐந்தருவியில் கூட்டம், ரோட்டோரம் மங்குஸ்தான், எங்கும் சாரல். துவைத்த துணி ரெண்டு நாளானாலும் காயாது. பீரோவில் கிடக்கும் பெல்ட்டில் பூஞ்சை படியும். ஐந்தே கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்காசியிலோ, ஏப்ரல், மே வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி எடுத்துவிடும்.

இந்த ஈரமும் வெயிலும் உரிமம் பெற்ற துப்பாக்கியின் தோட்டாவையும் விட்டுவைப்பதில்லை. வாங்கியபோது சரியாகக் குறியில் விழுந்த அதே பெட்டித் தோட்டா, சில வருஷம் கழித்துத் தள்ளி விழலாம். ஏன்?

வேகம்தான் விஷயம்

ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பினால்தான் குறி நிலைக்கும்.

காற்றுத் தடையை விட்டுவிட்டு ஒரு கணக்குப் போடலாம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, 300 மீட்டர் போவதற்குள் சுமார் 69 செ.மீ. கீழே இறங்கும். வேகம் 780 ஆனால் 72.5 செ.மீ. அதாவது, மூன்றரை செ.மீ. வித்தியாசம். இதுவே 50 மீட்டரில் வெறும் 1 மி.மீ.தான். அதனால் கிட்டத்தில் சுட்டுப் பார்த்தால் தோட்டா நல்லாத்தான் இருப்பதாகத் தோன்றும்.

வெயில் என்ன செய்யும்?

புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மெல்லச் சிதையும். அப்போது வரும் அமில வாயு சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ள நிலைப்படுத்தி என்ற ரசாயனம் கலக்கப்படுகிறது. சூடு கூடக்கூட அது சீக்கிரம் தீரும். பிறகு மருந்து ஒரே சீராக எரியாது.

1889-ல் பிரிட்டனில் உருவான கார்டைட் மருந்தில் வாசலின் கலந்தார்கள். குழாய் தேயாமல் இருக்கத்தான் சேர்த்தார்கள். அதுவே மருந்தையும் கெடாமல் காத்தது! நீலகிரி அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் தொடங்கிய தொழிற்சாலைக்கு இன்றும் கார்டைட் பெயர்தான்.

‘சீசன்’ வெடிப்பு

ஆங்கிலேயர் காலத்தில், மழைக்காலம் வந்தால் ராணுவத்தின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், பல பித்தளை உறைகளில் கீறல். குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான் அதிகம். மழை சீசனில் வந்ததால் ‘சீசன் வெடிப்பு’ என்றே பெயர் வைத்தார்கள்.

காரணம் 1921-ல்தான் தெளிவானது. குதிரையின் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, உறையைத் தயாரிக்கும்போதே உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கிறது. கழுத்தின் பிடி மாறினால் வேகமும் மாறும். விரிசல் பெரிதானால், சுடுபவருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்?

தோட்டாவின் வயதைவிட, அது இருந்த இடம்தான் முக்கியம். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். மாட்டுத் தொழுவம், உர மூட்டை பக்கம் வேண்டாம். அங்கேயும் அம்மோனியா உண்டு.

பச்சை படிந்த, கீறல் விழுந்த தோட்டாவைச் சுடக் கூடாது. வீட்டில் பிரித்துப் பார்க்கவும் கூடாது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ கேட்டு ஒப்படைப்பதே சரி. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறக்காதீர்கள். சில நேரம் தாமதமாக வெடிக்கும். குழாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி காத்திருங்கள்.