தன்னானே தரும் அவகாசம்

'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக வந்த கொல்லங்குடி கருப்பாயி போன்றவர்கள் தாளும் பேனாவும் இல்லாமல் எப்படிப் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று ஆவடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கருப்பாயியின் கதை பலருக்கும் தெரிந்தது. சிவகங்கைச் சீமைக் குரல். வானொலி அதை ஊரெல்லாம் கேட்க வைத்தது. 1985-இல் பாண்டியராஜன் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1993-இல் கலைமாமணி. 2025 ஜூனில், 99 வயதில் காலமானார். எனக்கு ஆசையெல்லாம் அந்தத் தொழிலின் சூட்சுமத்தின் மேல்தான்.

நடவு வயலைப் பாருங்கள். முன்பாட்டுக்காரி ஓரடி பாடுவார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள், இல்லையென்றால் 'தன்னானே தானே' என்று இழுப்பார்கள். நமக்கு அது வெறும் தாளம். அவருக்கோ யோசிக்கக் கிடைத்த அவகாசம். பின்பாட்டு அடங்குவதற்குள் அடுத்த அடி நாக்கு நுனிக்கு வந்துவிட வேண்டும். அதை எதுகையும் மோனையும் இழுத்து வரும். ஒப்பாரியில் ஒரு கண்ணியில் வெள்ளி வந்தால் மறு கண்ணியில் தங்கம் வரும். மற்ற சொற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் வேலை பார்த்தபோது துளை போட ஜிக் வைத்திருப்போம். பீஸுக்குப் பீஸ் மார்க்கிங் வேண்டாம், மாட்டினால் துளை சரியான இடத்தில் விழும். எதுகை அப்படி ஒரு ஜிக். ஆனால் வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணையாரை எந்த அடியில் நுழைத்துக் கிண்டலடிப்பது என்பதை ஜிக் சொல்லித் தராது. அது பாடுகிறவரின் கெட்டிக்காரத்தனம்.

மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் என்ற ஆய்வாளர்கள் 1930-களில் யூகோஸ்லாவியக் கதைப்பாடகர்களைப் பதிவு செய்து, ஆயத்தச் சொற்றொடர்களை வைத்து அவர்கள் பாடப் பாடவே கட்டுவதைக் காட்டினார்கள். நம் நடவுப் பெண்கள் இதைக் கேட்டால், இதில் என்ன புதுசு என்று சிரிப்பார்கள்.

ஆனால் கட்டியவர்களின் பெயர் நிலைப்பது வேறு கதை. அமெரிக்காவில் 1927-இல் பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுக்குப் பாடிய கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் 'கன்ட்ரி' இசையில் பெயரோடு நிலைத்துவிட்டார்கள். நம் தொகுப்புகள் பலவற்றில் சேகரித்தவர் பெயர் அட்டையில் இருக்கும், கட்டியவர் பெயர் எங்கும் இருக்காது. 'நாட்டுப்பாடல்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை போலும்!

பூந்தமல்லி, திருமுல்லைவாயல் பக்கம் நாற்று நட்ட கைகள் இன்னும் சில வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றன. அவர்களின் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு முன்னால் பாடுகிறவரின் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.