விழுந்து முளைத்த கன்றுகள்: பிடுங்குமுன் ஒருமுறை பாருங்கள்

மாரி மழை விழுந்து சில நாட்களில் குசினித் தண்ணீர் ஓடும் இடத்திலும் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் நாம் போடாத தக்காளி, மிளகாய், பூசணி, பப்பாசி எல்லாம் முளைத்து நிற்கும். புல்லோடு புல்லாக இவற்றையும் செதுக்கி எறிந்துவிடுகிறோம். விதைக்குக் காசு தேடும் குடும்பத்துக்கு அது ஓர் இழப்பு.

இடம்பெயரும்போது வீடும் மாடும் போவதை எல்லோரும் காண்கிறோம். விதை போவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியபோதும், அடுப்புக்கு மேலே புகையில் கட்டி வைத்திருந்த விதைமுடிச்சை எடுத்துவர எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? இழந்த விதையில் ஒரு பங்கைத் திரும்பத் தேடிக்கொள்ள இந்தக் கன்றுகள் உதவும். ஆனால் முளைத்ததையெல்லாம் நம்பிவிடவும் கூடாது.

எங்கிருந்து வருகின்றன?

தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு பசை உண்டு. அது விதையைப் பழத்துக்குள் முளைக்கவிடாது. பழம் குப்பையில் அழுகும்போது பசை கரைந்து விதை முளைக்கிறது. மிளகாயைக் கொண்டுவருபவை பறவைகள். அவற்றுக்கு உறைப்புத் தெரியாது. பழத்தைத் தின்று வேலியில் இருந்து எச்சமிடுகின்றன. நன்றாக உக்காத எருவோடும் பல விதைகள் வரும். பயற்றை நெற்று வெடித்துத் தானே சிதறும்.

தாயைப் போல் காய்க்குமா?

தக்காளியும் பயற்றையும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கட்டுபவை. ஆகவே ஊர் இனமென்றால் தாயைப் போலவே காய்க்கும். மிளகாயும் கத்தரியும் ஓரளவு கலக்கும். பூசணிப் பூவுக்குத் தேனீ வேண்டும். பல வகைப் பூசணி அருகருகே நின்றால் மகரந்தம் கலந்துவிடும். கடையில் வாங்கிய கலப்பின விதையில் வந்த காயிலிருந்து முளைத்தால் கன்றுக்குக் கன்று வேறுபடும். அதனால் அது உதவாது என்று அர்த்தமில்லை. காய்க்க விட்டுப் பார்த்து, நல்லதைத் தெரிவு செய்யுங்கள்.

பப்பாசியில் ஆண், பெண், இருபால் என மூன்று வகை உண்டு. கன்றில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குழியில் இரண்டு மூன்றை விடுங்கள். நீண்ட காம்பில் கொத்தாகப் பூத்துத் தொங்குவது ஆண். பூத்தபின் வேண்டாததை வெட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

1. ஊமத்தைக் கன்று சிறிதாக இருக்கையில் கத்தரியைப் போலத் தோன்றும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெள்ளைப் பூ குழல் போல நீண்டிருக்கும். காயில் முள் இருக்கும். இன்னதென்று தெரியாத எதையும் கீரையென்று ஆயவேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

2. தானாக முளைத்த சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் காயில் சிறு துண்டை வெட்டி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் உண்ணக் கூடாது. வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. விதையையும் வைக்க வேண்டாம். பாகலுக்குக் கசப்பு இயல்பு, அது வேறு.

3. இலை சுருண்ட மிளகாயையும் தக்காளியையும் இரக்கம் பாராமல் பிடுங்குங்கள். சுருட்டை நோயை வெள்ளை ஈ முதலிய சிறு பூச்சிகள் மற்றக் கன்றுகளுக்கும் கொண்டுபோகும். புதுத் தோட்டம் வைக்கும் பாத்தியருகே பழைய நோய்க்கன்று நின்றால் நோயும் அங்கேயே காத்திருக்கும்.

4. மீளக்குடியேறிய வளவில், கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்காத பக்கத்தில் பூசணி எவ்வளவு காய்த்துக் கிடந்தாலும் போக வேண்டாம்.

இடம் மாற்றுதல்

தக்காளி, மிளகாய், கத்தரிக் கன்றுகள் நான்கைந்து இலை விட்டதும் பின்னேரத்தில், வேரோடு மண் சேரக் கிளப்பி நடுங்கள். தக்காளித் தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்தால் அதிலும் வேர் விடும். பூசணி, பாகல், சுரை வேர் அசைவதை விரும்பா. முளைத்த இடத்தில் இரண்டை மட்டும் விட்டு அங்கேயே கொடியை ஏற்றுங்கள். பிறர் வளவிலும் கொட்டிலிலும் இருப்பவர்கள் அடியில் துளையிட்ட உரப்பையில் மண்ணும் உக்கிய எருவும் நிரப்பி மிளகாயும் கத்தரியும் வைக்கலாம். திரும்ப எழும்ப வேண்டி வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

விதை எடுத்தல்

நோயில்லாமல் நன்றாகக் காய்த்த மரத்தைத் துணித்துண்டு கட்டி அடையாளம் செய்யுங்கள். அதில் சில காயை நன்றாகப் பழுக்க விடுங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு ஓரிரு நாள் வைத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கத்தரி மஞ்சளாக வேண்டும். பூசணியை ஆய்ந்து இரண்டு மூன்று கிழமை வைத்தபின் பிளந்தால் விதை முற்றியிருக்கும். பயற்றை நெற்றாகக் காயட்டும். எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. எடுத்த விதையில் பாதியை அயல் வீட்டுக்கோ வேறு ஊரிலுள்ள இனத்தவருக்கோ கொடுத்து வையுங்கள். இது தருமத்துக்காக மட்டுமல்ல. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை அந்த வீட்டோடு போய்விடும். நான்கு வீட்டில் இருந்தால், நாம் வெறுங்கையோடு போய் நின்றாலும் திருப்பித் தர யாராவது இருப்பார்கள்.